உங்களுக்கு எந்தப் பாட்டு வேண்டும்?

(பண்பொழியில் வாசகர் கூட்டம் ஒன்றில் மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிற நாளில் மெயின் அருவிக்குள் தலையைக் கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பக்கத்தில் நிற்பவர் காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. தோளிலும் முதுகிலும் தண்ணீர் அறைகிறது. ஆனாலும் வலிக்கிறது என்று யாரும் வெளியே ஓடி வருவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்றுதான் தோன்றும். 1950களின் கடைசியில் அமெரிக்காவில், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில், கார்ட்னர் என்ற பல் மருத்துவர் கிட்டத்தட்ட இந்த இரைச்சலைத்தான் ஒரு பெட்டியில் அடைத்துத் தன் நோயாளிகளின் காதில் மாட்டினார்.

நோயாளிக்கு ஹெட்போன். கையில் சின்னதாக ஒரு திருகு. முதலில் பாட்டு ஓடும், உடம்பு தளரும். பல்லைக் குடைய ஆரம்பித்து, வலி வரப்போகிறது என்று தோன்றினால், நோயாளியே திருகைத் திருப்பி அருவி மாதிரி இரைகிற ஒலியை வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாம். இதில் அவருக்குக் கூட்டாளி லிக்லைடர் என்ற ஒலியியல் அறிஞர். பின்னாளில் இன்டர்நெட்டுக்கு வித்திட்டவர்களில் ஒருவர் என்று உலகம் சொல்கிறதே, அதே லிக்லைடர். 1960-ல் ‘சயன்ஸ்’ இதழில் இவர்கள் இருவரும் வைஸ் என்ற மூன்றாமவரும் சேர்ந்து எழுதினார்கள்: மரத்துப்போகிற ஊசியோ வாயுவோ இல்லாமலே ஏராளமான பேருக்குப் பல் வேலை முடிந்திருக்கிறது, ஒலியால் வலியை அமுக்க முடிகிறது என்று. பெரிய பரபரப்பு. பல் ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டுக்கொண்டு அந்தப் பெட்டியை வாங்கின.

மூன்று வருஷம் கழித்து, அந்த மூவரில் ஒருவரான வைஸே, ரொனால்டு மெல்சாக் என்ற வலி ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார். பனிக்கட்டித் தண்ணீர் தரும் குளிர்வலியை ஆட்கள் எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். சிலருக்கு வெறும் ஒலி. சிலருக்கு, ‘இது உங்கள் வலியைக் குறைக்கும்’ என்ற அழுத்தமான சொல், ஆனால் அந்த ஒலி இல்லை. சிலருக்கு இரண்டும். ஒலி மட்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. சொல் மட்டும் பெற்றவர்களுக்கும் இல்லை. சொல்லும் ஒலியும் சேர்ந்து பெற்றவர்கள்தான் கூடுதல் நேரம் தாங்கினார்கள்.

நான் இங்கே சொல்ல வந்தது எல்லாம் இந்தச் சோதனையைச் சுற்றித்தான் இருக்கிறது. வலியின் நடுவே இசை உதவுகிறது. ஆனால் சுவரில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டுப் போனால் உதவாது. யாரோ ஒருவர் நோயாளியின் பக்கத்தில் வந்து நின்று, “உங்களுக்கு எந்தப் பாட்டு வேண்டும்?” என்று கேட்டு, “இதைக் கவனித்துக் கேளுங்கள், நான் இங்கேயேதான் இருக்கிறேன்” என்று சொல்லும்போதுதான் அது வேலை செய்கிறது. கார்ட்னரின் பெட்டி வழக்கொழிந்து போய்விட்டது. நோயாளி கையில் அவர் கொடுத்த அந்தத் திருகு இருக்கிறதே, அதை நாம் விட்டுவிடக் கூடாது.

மெல்சாக் அதோடு நிற்கவில்லை. 1965-ல் அவரும் பாட்ரிக் வால் என்ற ஆராய்ச்சியாளரும் வலியைப் பற்றி அதுவரை மருத்துவம் நினைத்திருந்ததையே மாற்றிவிட்டார்கள். அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு நேராகக் கம்பி இழுத்திருக்கிறது, எவ்வளவு காயமோ அவ்வளவு வலி என்றுதான் பழைய நினைப்பு. அவர்கள் சொன்னது வேறு. குளத்துப் பாசனம் தெரிந்த ஊர் இது, அதனால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்: முதுகுத்தண்டில் ஒரு மடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காயத்திலிருந்து வரும் செய்தி அந்த மடை வழியாகத்தான் மேலே போக வேண்டும். முட்டியில் அடிபட்டதும் கையால் தேய்க்கிறோமே, அந்தத் தொடுகைச் செய்தி வந்து மடையைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறது. அதே மாதிரி மேலே மூளையிலிருந்தும் அந்த மடைக்கு உத்தரவு வருகிறது. பயந்திருந்தால், ‘என்ன செய்யப்போகிறார்களோ’ என்று மனம் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், மடை முழுசாகத் திறக்கும். கவனம் வேறொன்றில் ஊன்றியிருந்தால் இறங்கும். அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்களைப் பின்னால் வந்தவர்கள் நிறையத் திருத்தியிருக்கிறார்கள். மூளை மேலிருந்து வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இசை அந்த மேல்வழியாகத்தான் வருகிறது. காயத்தை அது தொடுவதே இல்லை.

இதை வெள்ளைக்காரர்கள் வந்து சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இருக்கிறது. மன்னன் நன்னனுடைய மலையில் எழுகிற ஓசைகளையெல்லாம் புலவர் அடுக்கிக்கொண்டே போவார். அருவி விழும் ஓசை, யானை பிளிறும் ஓசை, தினைப்புனத்து ஓசை. அந்த வரிசையில் ஒன்று, குறவர் வீட்டுப் பெண்கள் பாடும் ஓசை. எதற்குப் பாடுகிறார்கள்? புலி பாய்ந்து கிழித்த கணவனின் மார்பில் நீளமான புண். அது தணிய வேண்டும் என்று, அவனுக்குக் காவலாகப் பாடுகிறார்கள். மலையின் இயல்பான ஓசைகளில் ஒன்றாக அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறார் பாருங்கள். அருவி எப்படி விழுந்துகொண்டே இருக்குமோ அப்படி, காயம்பட்டவன் இருக்கிற வீட்டில் பாட்டும் இருந்துகொண்டிருக்கும் என்று.

புறநானூற்றில் அரிசில்கிழார் இன்னும் கிட்டத்தில் போய்க் காட்டுகிறார். 281-ஆம் பாட்டு. போரில் புண்பட்டு வந்தவன் வீட்டுக்குள் கிடக்கிறான். கூரையில் வேப்பிலை செருகுகிறார்கள். வெண்கடுகு தூவுகிறார்கள். யாழும் மற்ற கருவிகளும் ஒலிக்கின்றன. ஆம்பல் குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், வீடெல்லாம் நறும்புகை. பேய் அண்டாமல் காப்பதற்கு என்பது அவர்களுடைய நம்பிக்கை. பேயை விடுங்கள். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு மருத்துவராகப் பார்த்தால், அவனைத் தனியே விடவில்லை. அவன் காதுக்கும் மூக்குக்கும் தெரிந்த, பழகிய ஓசையையும் மணத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதே காலத்து மக்கள் நீண்ட ஊசி கொண்டு காயத்துக்குத் தையலும் போட்டார்கள். பதிற்றுப்பத்தில் சான்று இருக்கிறது. பாட்டு இருக்கிறது, தையல் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. இரண்டையும் செய்தார்கள்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாம்பவர் வடகரை. 1859-ல் ஆபிரகாம் பண்டிதர் பிறந்தது அங்கேதான். எத்தனை பேர் தஞ்சாவூர்க்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ தெரியவில்லை, நம் பக்கத்து மனிதர் அவர். தஞ்சாவூரில் குடியேறி, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிறகு முழுநேர சித்த வைத்தியர் ஆனார். மூலிகை மருந்தில் நல்ல வருமானம். அந்த வருமானத்தைக் கொண்டுபோய் இசையில் கொட்டினார். 1912-ல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களை வரவழைத்து, தன் செலவிலேயே மாநாடு மாநாடாக நடத்தினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்த் தமிழிசையின் சுருதிக் கணக்கை எடுத்துவைத்தார். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’, ஆயிரம் பக்கத்துக்கு மேல். மருந்தும் இசையும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன. அந்த வீட்டின் வேர் இந்தத் தென்காசிச் சீமையில் இருக்கிறது. இதைவிட எனக்கு ஊக்கம் தருகிற விஷயம் வேறு இல்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குள் இசை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914-ல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த இவான் ஓ’நீல் கேன் என்ற அறுவை மருத்துவர், தியேட்டரில் கிராமபோன் வைத்திருப்பதைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்க இதழுக்கு எழுதினார். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் பயந்து நடுங்குகிற நோயாளிக்கு அது பெரிய துணை என்றார். இதே கேன்தான் 1921-ல், உடம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு, தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தவர். மேசையில் முழித்துக்கொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு நூறு வருஷத்து ஆய்வுகள். 2015-ல் ‘லான்செட்’ இதழில் லண்டன் ஆய்வாளர்கள் 73 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 7,000 நோயாளிகளின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்போ நடுவிலோ பின்போ இசை கேட்டவர்களுக்கு வலி குறைவு, பதற்றம் குறைவு, வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்கள் மட்டும் குறையவில்லை. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்தது என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அண்மையில் நம் டெல்லியிலேயே, மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியிலும் அதைச் சேர்ந்த லோக் நாயக் ஆஸ்பத்திரியிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுக்கிற 56 நோயாளிகள். எல்லாருக்கும் முழு மயக்கம், எல்லார் காதிலும் ஹெட்போன். ஒரு பகுதியினருக்கு மட்டும் அதில் மென்மையான புல்லாங்குழல் அல்லது பியானோ. இசை கேட்டவர்களுக்கு மயக்க மருந்தும் வலி மருந்தும் குறைவாகப் போதுமானதாக இருந்தது, அமைதியாகக் கண் விழித்தார்கள். நாங்கள் மயக்கம் கொடுத்ததும் நோயாளி அங்கே இல்லை என்ற நினைப்பில் ஏதேதோ பேசுவோம். காதுக்கும் மூளைக்கும் இடையில் வழி முழுக்க அடைபடுவதில்லை என்பது தெரிந்த பிறகு, தியேட்டரில் பேசும் பேச்சுக்கும் ஒரு கட்டுப்பாடு வர வேண்டும்.

ஆனால் மயக்கத்தில் இருப்பவர்களைவிட முழித்திருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இடுப்பெலும்பு முறிந்து வருகிற வயதானவர்களுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்கிறோம். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், ஆள் முழித்திருப்பார். நெஞ்சுக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிடுவோம். அந்தப் பக்கம் நடப்பது தெரியாது, எல்லாம் கேட்கும். டிரில் ஓடுகிற சத்தம். சுத்தியல் விழுகிற சத்தம், அதன் அதிர்வு மரக்காத மேலுடம்பு வரை வரும். எஃகுத் தட்டில் கருவிகள் விழும். ரத்தத்தை உறிஞ்சுகிற குழாய் கரகரக்கும். “இந்த ஸ்க்ரூ வேண்டாம், அடுத்த சைஸ் கொடுங்க” என்பார் சர்ஜன். தச்சுப் பட்டறையில் படுத்திருக்கிற உணர்வோடு, தன் எலும்பில்தான் அந்த வேலை நடக்கிறது என்று தெரிந்துகொண்டே ஒன்றரை மணி நேரம் கிடக்க வேண்டும். வலி இல்லை என்று நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். படுத்திருந்தவர் என்ன பாடு பட்டார் என்பதை எழுத அதில் இடம் இல்லை.

அப்படி ஒரு ஆச்சி வந்தார்கள். தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. நான் பாட்டு வைக்கட்டுமா என்று கேட்டதும் மகன் முந்திக்கொண்டு, “எங்கம்மாவுக்கு முருகன் பாட்டுன்னா உசுரு டாக்டரம்மா. கந்த சஷ்டி கவசம் போடுங்க” என்றார். நம் ஊர்த் திருமலை முருகன் கோவிலுக்கு மாதம் தவறாமல் படியேறிப் போய்வந்தவர்களாம். நானும் சரி என்றிருப்பேன். ஆச்சி தலையைத் திருப்பி, “அது வேண்டாம் தாயி. அது காலைல குளிச்சி வெளக்கேத்தி வச்சிக் கேக்கது. ரத்தமும் சதையுமா கெடக்க எடத்துல அதக் கேக்கப்படாது. நையாண்டி மேளம் இருந்தாப் போடு. எங்க ஐயா நாயனம் வாசிச்சவுக” என்றார்கள்.

ஏதோ ஒரு கோவில் கொடையில் யாரோ பதிவு செய்திருந்த நையாண்டி மேளத்தை எங்கள் தியேட்டர் ஊழியர் தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு அது நேர் எதிர். நிதானமான தாளம் வேண்டும், மென்மையான ஓசை வேண்டும், ஏற்ற இறக்கம் அதிகம் இருக்கக் கூடாது என்றெல்லாம் வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். இதில் தவிலும் பம்பையும் உறுமியும் கொட்டி முழக்குகின்றன. ஆச்சியின் கை பலகையில் நீட்டிக் கட்டியிருந்தது. விரல்கள் மட்டும் அசைந்தன, கணக்குத் தப்பாமல். எலும்பில் சுத்தியல் விழுந்தபோது கண்ணைத் திறந்து, “அடி சேரலயே” என்றார்கள். மேளக்காரரைத்தான் சொன்னார்களோ, சர்ஜனைத்தான் சொன்னார்களோ, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைசி வரை தூக்க மருந்து கொடுக்க வேண்டி வரவில்லை.

ஒருவருடைய அனுபவத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் இதே கேள்வியை முறையாகச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். கிளாஸ்கோவில் லாரா மிட்செல், ரேமண்ட் மெக்டொனால்டு இருவரும் 2006-ல் குளிர்வலிச் சோதனையை வைத்தே, ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுத்த ‘அமைதி தரும்’ இசையையும், ஆட்கள் தாங்களே கொண்டுவந்த இசையையும் ஒப்பிட்டார்கள். தாங்கள் கொண்டுவந்த இசையைக் கேட்டவர்கள்தான் அதிக நேரம் தாங்கினார்கள், நிலைமை தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாக உணர்ந்தார்கள். அவர்களில் பலர் கொண்டுவந்தது அமைதியான இசையே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்று பட்டியல்கள் உலவுகின்றன. ரத்த அழுத்தத்துக்கு இது, தூக்கத்துக்கு இது, வயிற்று வலிக்கு இது என்று. வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆராய்ச்சி மையம் தொடங்கி, இசையை நோயாளியிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று கடைசி வரை பாடுபட்டார். அந்த முனைப்பை நான் வணங்குகிறேன். நீலாம்பரியில் தாலாட்டுக் கேட்டுத் தூங்கிய குழந்தைக்கு, வளர்ந்த பிறகும் நீலாம்பரி தூக்கம் கொண்டுவரலாம். அதைக் கேட்டே பழகாதவருக்கு அது ஏன் வேலை செய்ய வேண்டும்? ராகத்துக்குள் மாத்திரை மாதிரி ஒரு மருந்து இருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கேட்பவருடைய வாழ்க்கையில் அந்தப் பாட்டுக்கு இருக்கிற இடம்தான் வேலை செய்கிறது. பட்டியலைப் பார்த்துப் பாட்டு வைப்பவர், நோயாளியைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. இதே நியாயத்தைக் கச்சேரி மேடைக்காகப் பேசினார். கேட்பவனுக்குப் புரிகிற மொழியில், அவன் இதயத்தோடு ஒட்டுகிற பாட்டைப் பாடுங்கள் என்று தமிழிசைக்காக ஊர் ஊராக வாதாடினார். கச்சேரி கேட்க வந்தவனுக்கே அது உரிமை என்றால், ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பவனுக்கு எவ்வளவு உரிமை?

சரி, குழந்தைகளுக்கு வருகிறேன். அவர்களால் ‘எனக்கு இந்தப் பாட்டு வேண்டும்’ என்று சொல்ல முடியாது. புதன்கிழமை காலையில் நம் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் நின்றால் போதும், தடுப்பூசி அறையிலிருந்து ஒரு குழந்தை வீறிட, வராந்தாவில் காத்திருக்கிற அத்தனை குழந்தைகளும் சேர்ந்து அழும். புதுச்சேரியில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் இசை மருத்துவத்துக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. சுமதி சுந்தர் அதன் இயக்குநராக இருந்து வளர்த்தார். அங்கே தடுப்பூசி போட வந்த குழந்தைகளுக்கு நேரிலேயே பாடியும் வாசித்தும் பார்த்து, வலியும் அழுகையும் தவிப்பும் எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். பாட்டுக் கேட்ட குழந்தைகள் பக்கம் தவிப்பு குறைவாக இருந்தது. ரெக்கார்டு போட்டுச் செய்ததில்லை, ஆள் உட்கார்ந்து பாடிச் செய்தது. குழந்தை எங்கே பார்க்கிறது, எப்போது முகம் சுளிக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பாடலாம். ரெக்கார்டு அதைச் செய்யாது.

இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில். ஜோன் லோவி என்பவர் தலைமையில் 11 ஆஸ்பத்திரிகளில், குறைமாதத்தில் பிறந்த 272 சிசுக்கள். 2013-ல் வெளியானது. தாய் தகப்பன் தேர்ந்தெடுத்த பாட்டைத் தாலாட்டு மாதிரி மெதுவாக்கி நேரில் பாடியபோது, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பும் பால் குடிப்பதும் தூக்கமும் சீர்பட்டன. பெற்றோரின் பதற்றமும் தணிந்தது. ஊருக்கெல்லாம் பொதுவான தாலாட்டைவிட அந்த வீட்டுப் பாட்டுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அது சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரிதான்.

அதனால் தாய்மார்களே, புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது இதைச் செய்யுங்கள். மடியில் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி குத்திய பிறகு பாட ஆரம்பித்தால் அந்த அழுகையில் எதுவும் ஏறாது. நர்ஸ் மருந்தை எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள், ஊசி போட்டு முடித்த பிறகும் நிறுத்தாதீர்கள். கைக்குழந்தையாக இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். வலியைக் குறைக்க அது மிக நல்ல வழி. குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் வயிற்றுக்குள் இருக்கும்போதே அது கேட்டுப் பழகிய குரல் உங்களுடையதுதான்.

இனி கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இசையின் பலன் உண்மை, ஆனால் சின்னது. 2006-ல் 51 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் அறிக்கைப்படி, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் இசையால் குறைவது சுமார் அரை மதிப்பெண். அந்த அரைக்காக நான் போராடுவேன். ஆனால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகேயின் ஊசி போட வேண்டிய இடத்தில் பாட்டைப் போட்டுவிட்டுத் தையல் போடுகிறவரை மன்னிக்க மாட்டேன். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது, ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கிற வலிக்குப் போதிய மருந்து கொடுக்காமல் ரேடியோவைத் திருகுவது கொடுமை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் வலிக்கு மருந்து மறுக்கப்பட்ட வரலாறு நீண்டது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு லைசென்ஸோடு கசகசாச் செடி விளைகிறது. அதிலிருந்து எடுக்கிற, மார்ஃபின் என்ற வலி மருந்துக்கான மூலப்பொருள் வெளிநாடு போகிறது. புற்றுநோயில் துடிக்கிற நம் நோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. 1985-ன் போதைப்பொருள் சட்டம் அவ்வளவு இறுக்கம். 2014-ல் திருத்திய பிறகுதான் கொஞ்சம் தளர்ந்தது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவி, வீடு தேடி மார்ஃபின் கொண்டுபோய்க் கொடுக்கிறது. வலி தீர்க்க மருந்து கேட்பது நோயாளியின் உரிமை. பாட்டு அதோடு சேர்ந்து வர வேண்டும். அதற்குப் பதிலாக வரக் கூடாது.

செய்வது கஷ்டமா என்றால் இல்லை. ஒரு பழைய போன், ஒரு ஹெட்போன், ஒவ்வொருவருக்கும் மாற்றிக்கொள்ளத் துணி உறை. பாட்டை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். நடுவில் விளம்பரம் வந்து அலறினால் அதுவரை செய்தது அத்தனையும் வீண். ஒலியை நோயாளியே கூட்டிக் குறைக்கட்டும். முழித்திருப்பவருக்கு ஒரு காதைத் திறந்து வையுங்கள், நாங்கள் ‘மூச்சை இழுங்க’ என்றால் கேட்க வேண்டும். தியேட்டர் முழுக்கக் கேட்கிற ஸ்பீக்கரை நான் விரும்புவதில்லை. நோயாளியின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கினால் எங்கள் கருவியின் பீப் ஒலியும் சுருதி இறங்கும். திரையைப் பார்க்கிறதற்கு முன்னால் அதை என் காது பிடித்துவிடும். அந்தச் சுருதியை எந்தப் பாட்டும் மறைக்கக் கூடாது. காது மந்தமான தாத்தாவுக்கு ஆபரேஷனுக்கென்று கழற்றி வைத்த காது மிஷினைத் திரும்ப மாட்டிவிட்டால் அதுவே பாதி வைத்தியம். எதுவும் வேண்டாம், அமைதியாக இருக்கட்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் பதில்தான்.

தென்காசி ஆஸ்பத்திரியானாலும் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆனாலும் தனியார் நர்சிங் ஹோம் ஆனாலும், கேஸ் ஷீட்டில் ‘எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது’ என்று கேட்கிற வரிக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: ‘எந்தப் பாட்டு வேண்டும்?’ முந்தின நாள் வார்டில் வைத்து நர்ஸ் கேட்டு எழுத வேண்டும். தியேட்டர் வாசலில், உடைகளைக் கழற்றி நகைகளை மகளிடம் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டால், ஒருவருக்கும் ஒரு பாட்டும் ஞாபகம் வராது. உறவினர் சொல்வதை எழுதக் கூடாது, நோயாளி சொல்வதைத்தான் எழுத வேண்டும்.

மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷனோ கண்புரை சிகிச்சையோ பிரசவமோ இருந்தால், அவர்களிடமே கேட்டு வந்து பாட்டின் பெயரை மட்டும் அதில் எழுதுங்கள். கிடைக்காத பாட்டாக இருந்தால், பழைய கொடை மேளப் பதிவோ வில்லுப்பாட்டோ எதுவாக இருந்தாலும், தேடித் தர இங்கே இளைஞர்கள் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இனி நீங்கள் கேளுங்கள். கைக்குழந்தையோடு பின்னால் நிற்கிறார்களே, அந்தத் தாய்மார்கள் முதலில் கேட்கட்டும். அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும்.